முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அப்புறம்தான் இரை

மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் கம்பத்துக்கோழி வளர்ப்பவர்களிடமிருந்து விடியற்காலையில் அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் இன்னதென்று தெரிந்துவிடும். “அண்ணே, ராத்திரி மூசாங் பூந்துருச்சு. ரெண்டு போயிருச்சு, ஒண்ணு உசுரோட கெடக்கு. அதுக்கு என்ன குடுக்கறது?” என்பார்கள். எல்லாருக்கும் நான் சொல்லும் முதல் பதில் ஒன்றுதான்: “இப்போதைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க.”

கேட்பவர்களுக்கு இது கல்நெஞ்சுப் பேச்சாகப் படும். கண்ணெதிரே ஓர் உயிர் துவண்டு கிடக்கும்போது ஒரு வாய் தண்ணீராவது ஊற்றினால்தான் நமக்கு மனம் ஆறும். ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை வருடங்களாக நான் பார்த்துவருவது இது: காயத்தால் சாகும் கோழிகளைவிட, வாயைப் பிளந்து ஊற்றிய தண்ணீராலும் திணித்த சோற்றாலும் சாகும் கோழிகள் அதிகம். மூசாங் என்னும் மரநாயின் பல்லுக்குத் தப்பி, நம் அவசரத்துக்குத் தப்பாமல் போனவை அவை. அடிபட்ட கோழிக்கு இரைதான் மருந்து. அந்த மருந்துக்கும் நேரம் உண்டு, அளவு உண்டு, வரிசை உண்டு. எனக்குத் தெரிந்த அளவில் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

லயத்தில் கற்றது

நான் பிறந்து வளர்ந்தது ஜாசின் மாவட்டத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில். மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் ரப்பர் நடப்பட்டது மலாக்கா மண்ணில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் இன்னும் பெரிய அளவில் நட்டார். அடுத்தடுத்து எழுந்த தோட்டங்களுக்குப் பால்வெட்ட வந்த நம்மவர்கள், லயத்துக்குப் பின்னால் இருந்த கையளவு நிலத்தில் கீரை போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். சம்பளம் மளிகைக் கடைக் கணக்குக்கே போய்விடும். பின்கட்டில் மேய்ந்த நாலு கோழிதான் பெண்களின் கையிருப்பு. பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, மகளுக்குச் சடங்குச் செலவு, முனியாண்டிக்கு நேர்த்திக்கடன், எல்லாவற்றுக்கும் கோழியைத்தான் நம்பினார்கள். அடிபட்ட முட்டைக்கோழியைக் குழம்பு வைத்தால் அது ஒரு வேளைக் கறி. காப்பாற்றிவிட்டால் அடுத்த அடைக்குப் பத்துக் குஞ்சு. அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் சுலபத்தில் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

நேர்ந்துவிட்ட சேவலுக்கு அடிபட்டால் கவனிப்பு இன்னும் கூடும். ஊனமான பறவையைச் சாமிக்குக் கொடுக்க எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். நேர்த்தி தவறக்கூடாது என்பதற்காகவே அந்தச் சேவலை வீட்டுப் பிள்ளையைப் போலப் பார்ப்பார்கள்.

என் அம்மா கையில் எடுத்தது மூன்றே பொருள்கள்: ஒரு பஞ்சாரம், ஒரு சாக்கு, ஓர் இறகு. அடிபட்ட கோழியைப் பஞ்சாரத்துக்குள் விட்டு, மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்கி, அடுப்பின் கணகணப்பு எட்டும் இடத்தில் வைப்பார். அது ஓய்ந்த பிறகு, இறகின் நுனியைத் தண்ணீரில் தோய்த்து அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுவார். இரைப் பேச்சு அதற்கப்புறம்தான். பின்னாளில் கால்நடைத் துறைக்காரர்களிடம் கோழியின் உடற்கூற்றை நான் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அம்மா செய்த ஒவ்வொன்றுக்கும் அதில் காரணம் இருந்தது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு கோழிக்கு ஆபத்து குறையவில்லை. விழுந்த செம்பனைப் பழத்துக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. மூசாங் செம்பனைப் பழத்தையும் தின்னும், கோழியையும் பிடிக்கும். தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களின் கோழிக்குத் தெருநாயும் மோட்டார் சைக்கிளும் எமன்.

இருட்டும் சூடும்

கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம் உடம்பைவிட நான்கைந்து டிகிரி கூடுதல். அந்தச் சூட்டைப் பிடித்துவைப்பது இறகு. மூசாங் கவ்விய கோழிக்கு முதுகிலும் வாலடியிலும் இறகு கொத்தாகப் பிய்ந்திருக்கும். ரத்தமும் போயிருக்கும், மழையிலும் நனைந்திருக்கும். மலாக்காவின் இரவுக் காற்று நமக்கு இதமாக இருக்கலாம். இறகில்லாத கோழிக்கு அது குளிர்தான். உடம்பில் சூடு இறங்கினால் தீனிப்பையும் குடலும் மந்தமாகிவிடும். அப்போது உள்ளே தள்ளிய இரை நகராமல் தீனிப்பையிலேயே கிடந்து புளிக்கும். முதல் பதிலாக “ஒண்ணும் குடுக்காதீங்க” என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஓர் அட்டைப்பெட்டி போதும். அடியில் பழைய துண்டு, ஒரு பக்கத்தில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். சூடு கூடினால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் என்பதால்தான் ஒரு பக்கம். பெட்டியில் காற்றோட்டத்துக்குத் துளை போட்டு மூடி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள். இருட்டில் கோழி அடங்கும், படபடப்பு தணியும்.

தூக்கும் விதத்திலும் உயிர் இருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். பாசத்தோடு நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாலும், மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டு போட்டாலும் மூச்சு முட்டிச் செத்துவிடும். இறக்கையை மட்டும் லேசாக அணைத்து, அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

காயத்தை 250 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கழுவி, ஈ மொய்க்காமல் வலை போட்டு மூடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஈ முட்டையிட்ட காயத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழு வைத்த கோழி நல்ல இரையைக்கூடத் திரும்பிப் பார்க்காது.

தண்ணீர்

ஒரு மணி நேரம் போல ஓய்ந்து, கோழி தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினால் தண்ணீர் காட்டலாம். கோழி குடிப்பதைக் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். அலகில் கொஞ்சம் அள்ளி, தலையை அண்ணாந்து விழுங்கும். நம்மைப்போல் உறிஞ்சிக் குடிக்க அதனால் முடியாது. அலகைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடும். அது மூச்சுக்குழலின் வாய். தலையைப் பின்னால் சாய்த்துக் கரண்டியால் ஊற்றும் தண்ணீர் நேரே அந்தப் பிளவுக்குள் இறங்கும். கோழி தும்மும், கரகரவென்று மூச்சிழுக்கும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நெஞ்சில் சளி கட்டிப் போய்விடும். வீட்டில் உள்ளவர்கள் மூசாங் கடித்ததால் செத்தது என்றுதான் நினைப்பார்கள்.

செய்ய வேண்டியது எளிது. பார்மசியில் ஊசியில்லாத 1 மில்லி ஊசிக்குழல் கிடைக்கும். இல்லையென்றால் அம்மாவின் இறகே போதும். கோழியின் தலை அதற்கு இயல்பான நிலையில் இருக்கட்டும். அலகின் பக்கவாட்டில், இரண்டு அலகும் சேரும் கோட்டின்மேல் ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். சொட்டு அலகின் ஓரமாக வழிந்து உள்ளே ஊறும். கோழி அலகை லேசாகத் தட்டும், கழுத்து ஒருமுறை அசையும். விழுங்கிவிட்டது என்பதற்கு அந்த அசைவுதான் அடையாளம். அது தெரிந்த பிறகே அடுத்த சொட்டு.

மெர்லிமாவ் பக்கம் தனியாக வாழும் ஒரு பாட்டியின் கறுப்புக் கோழி நினைவுக்கு வருகிறது. மூசாங் முதுகுத்தோலை உரித்திருந்தது. பாட்டி கிண்ணம் நிறையச் சோறு பிசைந்து எதிரே வைத்துவிட்டு, “ஒரு வாய்கூட எடுக்கல தம்பி, இனிமே தாங்காது” என்று கண்கலங்கினார். சோற்றை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியில் சூடு பண்ணினோம். பிறகு ஊசிக்குழலைப் பாட்டியின் கையிலேயே கொடுத்தேன். கை நடுங்கியதால் முதல் சொட்டு தரையில் விழுந்தது. அடுத்தது அலகில் நின்றது. கறுப்பி கண்ணை மூடியபடியே அலகைத் தட்டியது, கழுத்து அசைந்தது. “குடிச்சிருச்சுப்பா!” என்று பாட்டி கத்தியதில் பக்கத்து வீட்டு மக்சிக் வேலியோரம் வந்துவிட்டார். அன்று மாலைவரை சொட்டுத் தண்ணீர்தான். கண் திறந்தது, தலை நின்றது. அந்த மக்சிக் கொல்லையில் பிடுங்கித் தந்த பச்சை மஞ்சளை அரைத்துக் காயத்தைச் சுற்றித் தடவினோம். கோழி பிழைத்தது.

முதல் நாள் மட்டும் தண்ணீரில் கொஞ்சம் சீனியும் உப்பும் சேர்க்கலாம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளுக்கு வீட்டில் கலந்து கொடுக்கும் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கோழிக்கு உப்பு அதிகம் ஆகாது என்பதால் அதை அதே அளவு வெறும் தண்ணீரோடு கலந்து பாதியாக நீர்த்துக் கொடுப்பேன். சீனித் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் கெடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மறுநாளிலிருந்து வெறும் தண்ணீர் போதும்.

தலை தொங்கி, நினைவில்லாமல் கிடக்கும் கோழிக்குச் சொட்டுகூட விடாதீர்கள். விழுங்கத் தெரியாத வாயில் விடும் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். அதைச் சூட்டில் வைத்து நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முதல் இரை

தண்ணீர் உள்ளே போய், கோழி எச்சமும் போட்ட பிறகுதான் இரை. நீண்ட விரதம் இருந்தவர் முதலில் கஞ்சி குடிப்பதைப்போலத்தான் இதுவும். நொய்யரிசியை உப்புப் போடாமல் குழைய வேகவைத்து மசித்த கஞ்சியில் தொடங்குவேன். இளஞ்சூடாக, ஒரு மேசைக்கரண்டி அளவு, அவ்வளவுதான். அது இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு அவித்த முட்டையை மசித்துச் சேர்ப்பேன். கோழிக்குக் கோழிமுட்டையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சதை வளர முட்டையைவிட எளிதாகச் செரிக்கும் பொருள் நம் அடுப்படியில் இல்லை.

கஞ்சியிலேயே நிறுத்திவிட்டால் கோழி மெலியும். புண் ஆறப் புரதம் வேண்டும். பிய்ந்த இறகு திரும்ப முளைக்க இன்னும் அதிகம் வேண்டும், ஏனென்றால் இறகு என்பதே ஏறக்குறைய முழுக்கப் புரதம். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 விழுக்காடு. குஞ்சுத் தீவனத்தில் 20 முதல் 22 விழுக்காடு. அதனால் வளர்ந்த கோழியாக இருந்தாலும் தேறும் காலத்தில் குஞ்சுத் தீவனத்தையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். நன்றாக இருக்கும் கம்பத்துக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தீவனம் தின்னும். அடிபட்டதற்கு அந்த அளவை ஒரே வேளையில் வைக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, பகலில் ஐந்தாறு வேளை.

தின்ன மறுக்கும் கோழிக்கு முன்னால் விரலால் தீவனத்தைத் தட்டுங்கள். தாய்க்கோழி குஞ்சுகளுக்கு இரை காட்டுவது அப்படித்தான். அலகால் தரையைத் தட்டித் தட்டி அழைக்கும். வளர்ந்த கோழிக்கும் அந்தப் பழக்கம் மறப்பதில்லை. “பா... பா...” என்று தினமும் கூப்பிடும் குரலிலேயே கூப்பிடுங்கள். அது முதல் கொத்து கொத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தோட்டத்தில் இருந்தபோது எங்களுக்குக் குஞ்சுத் தீவனம் ஏது? அழுகிய பால்மரக் கட்டையைப் பிளந்து கறையான் கொட்டுவோம். அடிபட்ட கோழிகூடக் கறையானைப் பார்த்தால் எழுந்து வரும். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுவோம், பழுத்த பப்பாளி கொடுப்போம். இரண்டிலும் வைட்டமின் ஏ உண்டு. தோலும் கண்ணும் தேற அது உதவும். இன்றைக்கும் இவற்றை நான் விடவில்லை. நெத்திலி கொடுப்பதென்றால் நன்றாக ஊறவைத்து, உப்பைப் பிழிந்து கொட்டிவிட்டு, இடித்துக் கொடுப்பேன்.

தீனிப்பையும் எச்சமும் சொல்வது

கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், சற்று வலப்பக்கமாக, தீனிப்பை இருக்கிறது. அடிபட்ட கோழியை வைத்திருப்பவர் காலையும் மாலையும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் அது பொங்கியிருக்க வேண்டும். காலையில், இரை வைப்பதற்கு முன், தட்டையாகக் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் தளதளவென்று நிறைந்து, அலகிலிருந்து புளித்த வாடை வந்தால் உள்ளே இரை கெட்டுக் கிடக்கிறது. அப்போது மேலும் இரை வைக்காமல் தண்ணீர் மட்டும் காட்டி மருத்துவரைக் கேளுங்கள். கல்போல இறுகியிருந்தாலும் அப்படியே. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெளியே வருவது மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

எச்சமும் பேசும். பட்டினி கிடக்கும் கோழி கரும்பச்சையாகக் கழியும். குடலில் இரை இல்லாமல் பித்தம் மட்டும் இறங்குவதால் வரும் நிறம் அது. கொடுத்த இரை உடம்பில் சேர்ந்ததும் எச்சம் பழுப்பாகி, மேலே வெள்ளை படிந்து, வடிவாக விழும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். நெஞ்செலும்பையும் தினமும் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை இறங்கி எலும்பு கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தால் கொடுக்கும் இரை போதவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைப்பது இன்னும் நல்லது. கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

காயத்துக்கு ஏற்ற கிண்ணம்

அலகு உடைந்த கோழியால் தட்டையான இடத்தில் சிதறிய தானியத்தைப் பொறுக்க முடியாது. அதற்கு ஆழமான கிண்ணத்தில், இரண்டு அங்குல உயரத்துக்குக் குழைவான தீவனம் வைத்தால் அலகை உள்ளே விட்டு அள்ளித் தின்னும். ஒரு கண் போன சேவல் இரையைக் குறிபார்த்துக் கொத்தத் தடுமாறும். கிண்ணத்தை எப்போதும் ஒரே இடத்தில், நல்ல கண்ணின் பக்கமாக வையுங்கள், சீக்கிரமே பழகிக்கொள்ளும். கால் முறிந்தது நடந்துபோய்த் தின்னாது. அது உட்கார்ந்த இடத்திலேயே, அலகு எட்டும் உயரத்தில் தீவனம், தண்ணீர் இரண்டு கிண்ணமும் இருக்க வேண்டும். மருத்துவர் சிம்பு கட்டிய கால் கூட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரை எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

தின்ற இரை கழுத்துக் காயத்தின் வழியே வெளியே வந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. வீட்டு வைத்தியம் அதற்கு ஆகாது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. தையல் போட்ட பிறகு மருத்துவர் சொல்லும்வரை முழுத் தானியம் எதுவும் கொடுக்காமல் நீர்த்த உணவிலேயே வைத்திருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

குழம்பு கலந்த சோறு வேண்டாம். அதில் உப்பும் எண்ணெயும் காரமும் அதிகம். தண்ணீரில் நனைத்த ரொட்டி வயிற்றை நிரப்பும், சதையை வளர்க்காது. பச்சை மரவள்ளியில் நஞ்சு உண்டு. வேகாமல் கொடுக்கவே கூடாது. தேங்காய்ப் புண்ணாக்கு நல்ல தீவனம்தான், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சண நஞ்சு ஈரலைத் தாக்கும். மூட்டையில் மக்கிய வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று காய்ந்த பக்கத்தை எடுத்துப் போடுவது பொய்ச் சிக்கனம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துத் தீவனத்தில் கலக்கும் வழக்கம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அளவு தெரியாமல் கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்து கோழிக்கும் ஆகாது, அதன் முட்டையைத் தின்னும் பிள்ளைக்கும் ஆகாது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கோலிஸ்டின் மருந்தைத் தீவனத்தில் சேர்ப்பதை மலேசியா 2019இல் தடைசெய்தது. பெரிய பண்ணைகளுக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது நம் கொல்லையில் நாம் கண்மூடித்தனமாகக் கலக்கலாமா? மருத்துவர் எழுதிக்கொடுத்தால் கொடுங்கள். அவர் சொன்ன நாள் முடியும்வரை அந்தக் கோழியின் முட்டையைத் தின்னாதீர்கள்.

இரை வழியே வந்த காவல்

இரையை மருந்தாக்கும் வேலையில் இந்த நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. வெள்ளைக் கழிச்சலோடு கழுத்து முறுக்கிக்கொண்டு ஊர்க்கோழியையெல்லாம் வாரிக்கொண்டு போகும் சீக்கைத் தமிழ்நாட்டில் ராணிக்கெட் என்பார்கள், மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1966இல் வி4 என்ற, சீக்கு உண்டாக்காத கிருமி வகை கண்டறியப்பட்டது. 1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அப்துல் லத்தீப் இப்ராஹிமும் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்புரோவும் சேர்ந்து, அந்த வகையிலிருந்து தயாரித்த, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தின்மேல் பூசிக் கம்பத்துக்கோழிக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். மரத்தில் அடையும் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? இரையைத் தூவினால் தானே வந்து தின்னும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிக்கென்று குருணை வடிவில் தடுப்பு மருந்து தயாரித்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. காயத்தால் சோர்ந்த கோழியை இந்தச் சீக்கு எளிதாகப் பிடிக்கும். மூசாங்கிடமிருந்து காப்பாற்றிய கோழியைச் சம்பாருக்குப் பறிகொடுப்பது வீண் வேதனை. நன்றாக இருக்கும்போதே தடுப்பு மருந்து கொடுத்துவையுங்கள். வெளியில் காயமே தெரியாமல் ஒரே நேரத்தில் பல கோழிகள் துவண்டால் அது அடிபட்ட கேஸ் இல்லை. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே கால்நடை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தோடு சேர்ப்பது

நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே, கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஓர் அடுக்கு இருப்பதை 1921இல் எழுதினார். கோழி வளர்ப்பவர்கள் தினமும் பார்ப்பதுதான். சிவந்த காயத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாமல் கொத்தும். பலவீனமானதை இரைப் பாத்திரத்தின் அருகே அண்டவிடாது. அதனால் தனியே வைத்தே தீர வேண்டும். ஆனால் கண்மறைவாக வைத்துவிட்டால் கூட்டம் அதை மறந்துவிடும். திரும்ப விடும்போது அந்நியக் கோழியாக எண்ணித் தாக்கும்.

இரண்டு மூன்று நாளில் கோழி தெளிந்ததும், கம்பிக் கூண்டில் போட்டுக் கூட்டம் மேயும் இடத்திலேயே வைத்துவிடுவேன். கம்பிக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் இரை போடுவேன். மற்றவை தின்பதைப் பார்த்து இதுவும் தின்னும். பசியில்லாமல் கிடந்த கோழிகள் பல இப்படித்தான் கொத்தத் தொடங்கின. காயம் காய்ந்து தோல் மூடிய பிறகு, இருட்டும் நேரத்தில் மற்றவை அடைந்திருக்கும் கம்பில் ஏற்றி உட்காரவைப்பேன். விடிந்ததும் முதல் சில நாள் இரண்டு இடங்களில் தீவனம் வைத்தால், விரட்டப்பட்டாலும் அதற்கு இன்னோர் இடம் இருக்கும்.

எல்லாக் கோழியும் பிழைக்காது. குடல் வெளியே வந்தது, முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் இழுத்துக்கொண்டது, நாட்கணக்கில் விழுங்கவே இல்லாதது, இவற்றைக் கஞ்சி ஊற்றி இழுத்துப் பிடிப்பது கருணையாகாது. மருத்துவர் கையால் வேதனையில்லாமல் விடைகொடுப்பதுதான் நியாயம். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணியை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் லயத்துப் பெண்கள் அந்தக் கடமையைச் செய்தார்கள்.

கோழி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஓர் அட்டைப்பெட்டி, ஊசியில்லாத ஊசிக்குழல் ஒன்று, காற்றுப் புகாத போத்தலில் அரைக் கிலோ குஞ்சுத் தீவனம், இவற்றை இன்றைக்கே எடுத்துவையுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சொட்டு விடும் முறையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர்களின் கைதான் பொறுமையாக இருக்கும். கோழிதானே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்மை நம்பிக் கொல்லையில் அடையும் உயிர் அது. அதற்கு வேளை பார்த்து இரை வைப்பது நம் பொறுப்பு.